சோபனா பெயரில் ஓர் ஆபரேஷன்

போர்ச்சுகலில் இருந்து மதியழகன் போன் செய்து, "ஏன் சோபி, உனக்குக் கர்ப்பப்பைய எடுத்துட்டாங்களா?" என்று கேட்டபோது சோபனா கருவாட்டுக் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை, மணி பதினொன்று இருக்கும். இரண்டு கையிலும் புளி என்பதால் போனை ஸ்பீக்கரில் போட்டு அரிசி டப்பாவின் மேல் சாய்த்து வைத்திருந்தாள். கத்திரி வெயில் ஆரம்பித்து ஒரு வாரம் ஆகியிருந்தது. பள்ளிகொண்டாவில் ஃபேனைப் போட்டால் அனலைத்தான் அள்ளிக் கொட்டியது. காற்று வருமென்று நம்பி வாசற்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மாமியார் கோவிந்தம்மாளுக்கு அந்தக் கேள்வி ஓர் எழுத்து விடாமல் கேட்டுவிட்டது.

"இன்னாடா சொல்ற?" என்று மருமகளுக்கு முன்னால் மாமியார்தான் கேட்டாள்.

"நீ இரும்மா. நான் அவகிட்ட கேக்குறேன். சொல்லு சோபி."

"யாருங்க அப்பிடிச் சொன்னாங்க?"

"உங்க கம்பெனி இன்சூரன்ஸ்ல லெட்டர் கேட்டிருந்தோம் இல்ல, அது இங்க ஆபீசுக்கு வந்து, அவங்க நேத்து எனக்கு மெயில்ல அனுப்பினாங்க. அதுல போட்டிருக்கான். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஆகஸ்ட் மாசம், ஆம்பூர் ஆஸ்பத்திரில ஒம்பது நாள் அட்மிஷன். கர்ப்பப்பை ஆபரேஷன். உன் பேரு, உன் கார்டு நம்பரு, உன் பொறந்த தேதி. நான் இங்க வந்து அப்ப ரெண்டே மாசம். ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்ல எனக்கு. என்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருந்தா நான் வேணாம்னா சொல்லிருப்பேன்?"

சோபனாவுக்கு உடனே புரிந்துவிட்டது.

அந்த லெட்டர் எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். சோபனா ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தைக்கிறவள்; மதியழகன் அதே ஊரில் பன்னிரண்டு வருடம் லாஸ்டிங் மெஷினில் நின்றவன். தைத்த மேல்தோலை அச்சின் மேல் இழுத்து ஒட்டுகிற மெஷின் அது. அந்த வேலை கையில் இருந்தால் ஷூ செய்கிற எந்த நாட்டிலும் சோறு உண்டு. போர்ச்சுகலில் போர்ட்டோ நகரத்துக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் ஒரு ஷூ கம்பெனி அவனைக் கூப்பிட்டுக்கொண்டது. இரண்டு வருடம் கழித்து, இனி மனைவியை அழைத்துக்கொள்ளலாம் என்று காகிதம் வந்தது. ஜூன் பன்னிரண்டாம் தேதி சென்னையில் விசாவுக்கு அப்பாயின்ட்மென்ட். குழந்தையை அங்கே போய்ப் பெற்றுக்கொள்ளலாம் என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள்.

விசாவுக்கு இன்சூரன்ஸ் காகிதம் வேண்டும். அங்கே அரசாங்க ஆஸ்பத்திரி இருந்தாலும் புதிதாக வருகிறவளின் பெயர் அதில் ஏற எத்தனை மாதம் ஆகுமென்று யாராலும் சொல்ல முடியவில்லை. அதனால் மதியழகனின் கம்பெனி இன்சூரன்ஸில் அவள் பெயரையும் சேர்க்கச் சொல்லி எழுதிப் போட்டார்கள். ஒரு ஃபாரம் வந்தது. 'இதுவரை ஏதாவது ஆபரேஷன் நடந்திருக்கிறதா?' என்று கேட்டிருந்த இடத்தில் சோபனா 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அவளுடைய ஆம்பூர் கம்பெனியின் இன்சூரன்ஸில் இருந்து ஒரு லெட்டரும் கேட்டார்கள். அந்த லெட்டர்தான் 'நடந்திருக்கிறது' என்று சொல்கிறது. அப்படியானால் சோபனா பொய்க் கையெழுத்துப் போட்டவள். மாதக் கடைசிக்குள் விளக்கம் வராவிட்டால் பெயர் சேர்க்க மாட்டோம் என்று எழுதிவிட்டார்கள். இன்சூரன்ஸ் இல்லையென்றால் விசா இல்லை.

"எனக்கு ஆபரேஷன் நடக்கலீங்க," என்றாள் சோபனா. "ஜெபகனி அக்காவுக்கு நடந்துச்சு. என் கார்டுல."

"லைன்ல பேஸ்டிங் டேபிள்ல இருப்பாங்களே, அவங்களா?" என்றான் மதியழகன்.

"அவங்கதான்."

"ஆஸ்பத்திரில எப்பிடி விட்டாங்க?"

கேட்க வேண்டிய கேள்விதான். பதில் சுலபம். கம்பெனி கொடுத்த மெடிக்கல் கார்டில் போட்டோ கிடையாது. ஆதார் ஜெராக்ஸ் கேட்டார்கள், சோபனா தன்னுடையதைக் கொடுத்தாள். ஜெராக்ஸில் விழுந்த ஆதார் முகத்தைப் பெற்ற தாயாலும் அடையாளம் சொல்ல முடியாது. ஒன்பது நாளும் ஜெபகனி சோபனாவாகக் கட்டிலில் படுத்திருந்தாள். சோபனா யாரோ ஒரு தங்கச்சியாகப் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி ஊட்டினாள்.

"ஒம்பது நாளும் காலைல ஏழு மணிக்கு கம்பெனி பஸ்ல ஏறிப் போனியே?" என்றாள் கோவிந்தம்மாள். வெங்காயத்தால் வந்த கண்ணீரோடுதான் கேட்டாள்.

"ஏறினேன் அத்த. ஆம்பூர்ல எறங்கி ஆஸ்பத்திரிக்குப் போனேன். லீவு போட்டிருந்தேன்."

"என்கிட்ட கூட சொல்லல."

"சொன்னா நாலு பேருக்குத் தெரிஞ்சிரும் அத்த. அக்கா வேல போயிரும்."

மதியழகன் பெருமூச்சு விட்டான். "நான் நம்புறேன் சோபி. சத்தியமா நம்புறேன். ஆனா இங்க ஆபீஸ்ல நம்பணுமே. ரூம்ல கூட இருக்குற ரிஹான் ஒரு யோசன சொல்றான். ஆஸ்பத்திரிக்காரங்களே பொய்யா பில்லு போட்டுட்டாங்கன்னு ஒரு புகார் எழுதிக் குடுத்துட்டா போதுமாம். உன் மேலயும் பழி இல்ல, அவங்க மேலயும் பழி இல்ல."

"டாக்டரம்மா மேல பழி இல்லையா? அந்தம்மாதான் அக்காவ உயிரோட எழுப்பி உட்டாங்க."

"அப்ப இன்னா பண்ணப் போற?"

"தெரியலீங்க," என்றாள் சோபனா. தெரியவும் இல்லை.

ஜெபகனி பதினோரு வருடமாக, சோபனா தைக்கிற அதே லைனில் வேலை செய்கிறவள். சோபனாவுக்கு நாலு மெஷின் தள்ளி, தோல் ஓரங்களில் சொல்யூஷன் தடவி மடித்து ஒட்டுகிற மேசையில் நாள் முழுக்க நின்றபடி வேலை. ஆனால் பெயர் கம்பெனிப் புத்தகத்தில் இல்லை, கான்ட்ராக்டர் புத்தகத்தில் இருந்தது. கான்ட்ராக்டர் பெண்களுக்கு மெடிக்கல் கார்டு கிடையாது. அவளுக்கு ஒன்றரை வருடம் உதிரப்போக்கு இருந்தது. வீட்டிலிருந்து பழைய புடவையைக் கிழித்துப் பையில் எடுத்து வருவாள். பாத்ரூமுக்கு ஒரு தடவைக்கு மேல் போனால் சூப்பர்வைசர் கேட்பான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பாள். ஒரு நாள் நின்ற இடத்திலேயே சரிந்து விழுந்தாள், தரையெல்லாம் ரத்தம். அன்று சாயங்காலம் சோபனா தன் கார்டை எடுத்து அவள் கையில் வைத்தாள். சட்டப்படி தப்பு என்று அவளுக்குத் தெரியும். அந்த ரத்தத்தைத் துடைத்தவள் அவள்தான் என்பதால் அந்தத் தப்பைப் பற்றி நான் அதிகம் பேசப் போவதில்லை.

சோபனா சொன்னதை மகன் நம்பிவிட்டான். மாமியார் நம்பவில்லை. கோவிந்தம்மாள் பாலாற்று மணலைக்கூடக் கையில் அள்ளிப் பார்த்துத்தான் மணல் என்று ஒப்புக்கொள்வாள். திங்கட்கிழமை மருமகளுக்கு அரை நாள் லீவு போடச் சொல்லி, தானே ஆம்பூருக்கு பஸ் ஏறி வந்து, ஸ்கேன் சென்டருக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

ஒரு லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். சோபனா குடித்தாள். இன்னும் அரை லிட்டர் என்றார்கள், அதையும் குடித்தாள். முறை வரும்வரை மாமியாரும் மருமகளும் பிளாஸ்டிக் நாற்காலியில் ஆளுக்கொரு பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே கூப்பிட்டபோது கோவிந்தம்மாளும் பின்னாலேயே நுழைந்தாள்.

"நீங்க வெளிய இருங்கம்மா," என்றாள் ஸ்கேன் டாக்டர்.

"நான் இவ மாமியா. நான் பாக்கணும்."

டாக்டர் சிரித்துவிட்டு, இருக்கட்டும் என்றாள். வயிற்றில் ஜெல்லைத் தடவி ஸ்கிரீனைத் திருப்பினாள். கோவிந்தம்மாள் ஸ்கிரீனை முறைத்துப் பார்த்தாள். சாம்பல் நிறத்தில் ஏதோ அசைந்தது.

"கர்ப்பப்பை இருக்குதாம்மா?"

"இருக்குது. ஏன், எங்க போகும்?"

"எடுத்துட்டாங்கன்னு வெளிநாட்டுல இருந்து சொல்றாங்க."

"யாரும் எடுக்கல. நல்லா இருக்குது. கத்தி பட்ட தழும்புகூட இல்லையே."

"எழுதிக் குடுங்கம்மா. பெருசா எழுதுங்க. சீல் ரெண்டு இருந்தா ரெண்டையும் போடுங்க."

வெளியே வந்ததும் கோவிந்தம்மாள் பஸ் ஸ்டாண்டு ஓரம் நுங்கு விற்கிறவனிடம் ஆறு நுங்கு வாங்கினாள். தனக்கு ஒன்றை வைத்துக்கொண்டு ஐந்தை மருமகளிடம் தள்ளினாள். மன்னிப்பு என்ற வார்த்தையை அந்த வீட்டில் யாரும் பேசிப் பழகவில்லை. ஐந்து நுங்கில் எல்லாம் அடங்கிவிட்டது.

"ரெண்டு வருஷமா இத நெஞ்சுக்குள்ள வச்சிக்கினு இருந்தியே," என்றாள். "சரி, நாளைக்கு கம்பெனில போய் கேளு. ஸ்கேன் பேப்பர காட்டு. என் மருமவளுக்கு எல்லாம் இருக்குதுன்னு சொல்லு."

மறுநாள் சோபனா ஆலன் சாரைப் பார்த்தாள். ஆலன் சார், வேலைக்கு ஆள் எடுப்பதையும் லீவையும் பார்க்கிற பர்சனல் ஆபீசர். வேலூர் சத்துவாச்சாரியில் இருந்து தினமும் காரில் வருகிறவர். கெட்ட மனுஷர் இல்லை. முதலாளிக்கும் பயந்து, வேலை செய்கிறவர்களுக்கும் இரக்கப்பட்டு, இரண்டுக்கும் நடுவில் நெஞ்செரிச்சல் மாத்திரை சாப்பிடுகிறவர். ஸ்கேன் பேப்பரையும் இன்சூரன்ஸ் லெட்டரையும் மாற்றி மாற்றிப் படித்தார். சோபனா நடந்ததைச் சொன்னாள். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"தப்பு உன் மேலம்மா."

"என் மேலதான் சார். இந்த ஆபரேஷன் எனக்கு நடக்கலன்னு கம்பெனி ஒரு லெட்டர் எழுதினா, இன்சூரன்ஸ்காரங்க மாத்திக் குடுப்பாங்களாம். போன்ல கேட்டேன்."

"எழுதினா, பின்ன யாருக்கு நடந்துச்சுன்னு கேப்பான். ஜெபகனின்னு சொல்லணும். பதினோரு வருஷமா வேல செய்றவளுக்கு ஏன் கார்டு இல்லன்னு அடுத்து கேப்பான். அதுக்கு நான் இன்னா பதில் சொல்றது? உன்னையும் தூக்கிருவாங்க, அவளையும் தூக்கிருவாங்க, அப்புறம் என்னையும்தான். அதுவும் வியாழக்கிழம ஆடிட்ட வச்சிக்கினு."

"பன்னெண்டாந்தேதி எனக்கு விசா சார்."

"ஆஸ்பத்திரி மேல ஒரு கம்ப்ளெய்ன்ட் எழுதிட்டுப் போயேம்மா. பேஜார் இல்லாம முடிஞ்சிரும்."

"அது மட்டும் முடியாது சார்."

"அப்ப ஆடிட் முடியட்டும். ஜூன் கடைசில பாக்கலாம்," என்று அவர் மாத்திரைப் பட்டையைத் தேட ஆரம்பித்தார். ஜூன் பன்னிரண்டு ஜூன் கடைசிக்கு முன்னால் வரும் என்பது அவருக்கும் தெரியும்.

ஆடிட் என்றால் ஷூ வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனி ஆள் அனுப்பிப் பார்ப்பது. பாத்ரூம் சுத்தமா, ஓவர்டைம் சம்பளம் வருகிறதா, எல்லாருக்கும் மெடிக்கல் கார்டு உண்டா என்று பார்ப்பார்கள். அதற்கு முந்தின வாரம் லைனில் உள்ள பெண்களுக்குப் பதில் சொல்லக் கற்றுக்கொடுப்பார்கள். பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்டர் வருவதற்கு முன்னால் நடக்குமே, அதே கூத்து. கார்டு இல்லாத கான்ட்ராக்டர் பெண்களை அன்றைக்கு வைத்திருக்க முடியாது. ஆகவே காலையில் ஒரு பஸ்ஸில் ஏற்றி, மாதனூர் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் இறக்கி, மத்தியானம் பிரியாணி போட்டு, சாயங்காலம் வீட்டில் விட்டுவிடுவார்கள். அன்றைய கூலியும் உண்டு. பெண்கள் இதற்கு 'ஆடிட் பிரியாணி' என்று பெயர் வைத்திருந்தார்கள். வருடத்துக்கு இரண்டு தடவை நல்ல புடவை கட்டிக்கொண்டு போகக் கிடைத்த ஒரே விசேஷம் என்று அவர்களே சிரித்துக்கொள்வார்கள்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சோபனா ஜெபகனியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லக் கூடாது என்றுதான் இருந்தாள். ஆனால் தகரக் கூரைக்கு அடியில் டிபன் பாக்ஸைத் திறந்துவைத்து ஒரு வாய் உண்ணாமல் இருந்தவளை ஜெபகனி விடவில்லை.

"எப்பத்திலேர்ந்து இது?"

"ஞாயித்துக்கிழமையிலேர்ந்து."

"மூணு நாளா சோறு எறங்காம என்கிட்ட சிரிச்சிக்கினு இருந்தியா?" ஜெபகனி தன் டப்பாவில் இருந்த முருங்கைக்கீரையை எடுத்து அவள் சோற்றில் வைத்தாள். கை விரல்களில் காய்ந்த சொல்யூஷன் தோல் மாதிரி உரிந்துகொண்டிருந்தது. "ஆலன் சார்கிட்ட நான் போய் சொல்றேன். ஆபரேஷன் எனக்குத்தான்னு."

"சொன்னா வேலைய விட்டுத் தூக்குவாங்கக்கா. பையன் காலேஜ் முடிக்க இன்னும் ரெண்டு வருஷம் இருக்குது."

"தூக்கட்டும்."

"சும்மா சொல்லாத. உன் ஒருத்தி சம்பளத்துலதான் வீடே ஓடுது."

ஜெபகனி வாயில் இருந்ததை மென்று விழுங்கினாள். "நீ அந்த ஆஸ்பத்திரி மேல எழுதிடு," என்றாள். "டாக்டரம்மா பெரிய எடம். தப்பிச்சிக்குவாங்க."

"நீ எழுதுவியா, என் எடத்துல இருந்தா?"

ஜெபகனி டப்பாவை மூடினாள்.

"எனக்கு அவர்கிட்ட போகணும்க்கா," என்றாள் சோபனா. இதுவரை அடக்கி வைத்திருந்தது உடைந்து அழுகை வந்துவிட்டது. "ரெண்டு வருஷம் ஆவுது. போன்ல குடும்பம் நடத்துறேன். எனக்குப் போகணும்."

ஜெபகனி அவளை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள். சங்கு ஊதியது, எழுந்து மெஷினுக்குப் போனார்கள்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு மண்டபத்துப் பஸ் கேட்டுக்கு வெளியே நின்றது. கான்ட்ராக்டர் பெண்கள் நாற்பத்தேழு பேரும் பட்டுப் புடவையும் பூனம் புடவையுமாக ஏறிக்கொண்டிருந்தார்கள். சோபனா கம்பெனி நீலக் கோட்டு மாட்டிக்கொண்டு உள்ளே போகும்போது ஜெபகனி பஸ் படியில் நின்று கூப்பிட்டாள்.

"சோபனா. இன்னைக்கு உன்ன யாராச்சும் கேட்டா என் பேர சொல்லு."

"அக்கா..."

"எனக்கு சம்மதம். இவங்ககிட்டயும் பேசிட்டேன்," என்று பஸ்ஸுக்குள் கை காட்டினாள். ஜன்னல் எல்லாம் முகமாக இருந்தது. டிரைவர் வேலு ஹாரன் அடித்தான், பஸ் போய்விட்டது.

சோபனாவை யாரும் கேட்கப் போவதில்லை என்று ஆலன் சார் ஏற்பாடு செய்திருந்தார். பேச்சுக்கு அழைக்கிறவர்களின் பட்டியலில் அவள் பெயர் இல்லை. ஆடிட்டர் பெங்களூரில் இருந்து வந்த ஓர் அம்மா. ஐம்பது வயதுக்கு மேல், காட்டன் புடவை, கன்னடம் கலந்த தமிழ். லைனில் நடந்து வரும்போது மெஷின்களைப் பார்த்ததைவிட மனுஷர்களைத்தான் அதிகம் பார்த்தாள். பின்னால் ஆலன் சார், அவருக்குப் பின்னால் சூப்பர்வைசர் பச்சையப்பன். சோபனாவின் மெஷினைத் தாண்டப் போகிற நேரத்தில் அதன் ஊசி உடைந்தது.

ஷூ கம்பெனியில் ஊசி உடைந்தால் சும்மா விட மாட்டார்கள். ஒரு துண்டு ஷூவுக்குள் மாட்டி யார் காலிலாவது குத்திவிட்டால் ஆர்டரே போய்விடும். தைக்கிறவள் எழுந்து நின்று எல்லாத் துண்டையும் தேடி எடுத்து, நோட்டில் டேப் வைத்து ஒட்டி, கையெழுத்துப் போட்டால்தான் புது ஊசி. சோபனா எழுந்து நின்றாள். அந்த ஊசி தானாக உடைந்ததா என்று இன்றுவரை அவளை யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆடிட்டர் அம்மா நின்று பார்த்தாள். மூன்று துண்டும் நோட்டில் ஒட்டப்பட்டதும் தலையாட்டினாள். "நீட்டா செய்றீங்க. எத்தனை வருஷம் இங்கே?"

"எட்டு வருஷம் மேடம்."

"மெடிக்கல் கார்டு உண்டா?"

"உண்டு மேடம்."

"யூஸ் பண்ணிருக்கீங்களா?"

இதற்குச் சொல்லிக்கொடுத்த பதில் 'தேவைப்படும்போது யூஸ் பண்ணுவோம் மேடம், திருப்தியாக இருக்கு' என்பது. சோபனா ஆலன் சாரைப் பார்த்தாள். அவர் தன் ஷூவைப் பார்த்தார்.

"என் கார்டுல ஒரு பெரிய ஆபரேஷன் நடந்திருக்குது மேடம். ஆனா எனக்கு நடக்கல."

பக்கத்து மெஷின் நின்றது. அதற்கு அடுத்ததும் நின்றது. சோபனா நிறுத்தவில்லை. பேஸ்டிங் மேசையைக் காட்டினாள். அங்கே விழுந்தவளைச் சொன்னாள், தரையைச் சொன்னாள், தான் கார்டைக் கொடுத்ததைச் சொன்னாள். தப்பு என்று தெரிந்தே கொடுத்ததையும் சொன்னாள். இப்போது அந்த ஆபரேஷனால் தன் புருஷனிடம் போக முடியாமல் நிற்பதைச் சொன்னாள். மேசையில் அன்றைக்கு யாரும் இல்லை. துடைத்து வைத்த சொல்யூஷன் டப்பாக்கள் மட்டும் வரிசையாக இருந்தன.

"அந்த அம்மா இப்போ எங்கே?"

"கல்யாண மண்டபத்துல பிரியாணி சாப்புட்டுக்கினு இருப்பாங்க மேடம். நாப்பத்தேழு பேரு."

"யாருக்குக் கல்யாணம்?"

"கல்யாணம் இல்ல மேடம். ஆடிட்டு."

ஆடிட்டர் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். பிறகு, வண்டி எடுக்கச் சொன்னாள்.

காரில் முன்னால் ஆலன் சார், பின்னால் ஆடிட்டர் அம்மாவும் சோபனாவும். சோபனா நீலக் கோட்டோடு அப்படியே ஏறியிருந்தாள். ஏசி காரிலும் ஆலன் சாருக்கு வியர்த்தது. மண்டபத்தில் இவர்கள் நுழைந்தபோது பந்தி பாதியில் இருந்தது. நீள மேசையில் வாழை இலை, பிரியாணி, கத்திரிக்காய், வெங்காயப் பச்சடி. முன்பெல்லாம் ஆபீஸ் வண்டி வந்தாலே பெண்கள் எழுந்து ஒதுங்குவார்கள். அன்று ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. ஜெபகனி மட்டும் எழுந்தாள். கையை இலையிலேயே உதறிவிட்டு முன்னால் வந்தாள்.

"நான் ஜெபகனி மேடம். ஆபரேஷன் பண்ணிக்கினது நான்தான். பதினோரு வருஷமா பேஸ்டிங் வேல. இவ மேல தப்பு இல்ல, என் உசுரக் காப்பாத்த குடுத்தா. உங்களுக்குத் தழும்பு பாக்கணும்னா தனியா வாங்க, காட்றேன்."

"வேண்டாம்," என்றாள் ஆடிட்டர் அம்மா. மேசைகளை ஒரு தடவை சுற்றிப் பார்த்தாள். "மத்தவங்க?"

இரண்டாவது மேசையில் ஒருத்தி இடது கையைத் தூக்கினாள். "சுகரா பேகம் மேடம். ஆறு வருஷம், நூல் வெட்றேன்." அடுத்தவள் எழுந்தாள், பெயரையும் வருடத்தையும் சொன்னாள். பிறகு வரிசையாக எழுந்தார்கள். நாலு வருஷம், ஒம்பது வருஷம், பதினாலு வருஷம். வலது கையில் பிரியாணி, இடது கை மேலே. சொல்லி முடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று.

ஆடிட்டர் அம்மா ஆலன் சாரிடம் திரும்பினாள். "இவங்க எல்லாம் உங்க ஆளுங்களா, கான்ட்ராக்டர் ஆளுங்களா?"

அதற்கும் ஒரு தயார் பதில் உண்டு. அதை எழுதியவரே ஆலன் சார்தான். அவர் அந்தப் பெண்களைப் பார்த்தார். பாதிப் பேரின் பிள்ளைகளுக்கு அவர் காதுகுத்து விருந்தும் ஞானஸ்நான விருந்தும் சாப்பிட்டிருக்கிறார்.

"எங்க ஆளுங்க மேடம்," என்றார். "எல்லாரும் எங்க ஆளுங்கதான்."

சொன்ன பிறகு அவருக்கு நெஞ்செரிச்சல் கொஞ்சம் அடங்கினது போல இருந்தது என்று பிற்பாடு அவரே சொன்னார். ஜெபகனி இரண்டு இலை போட்டு அவரையும் ஆடிட்டர் அம்மாவையும் உட்கார வைத்தாள். ஆடிட்டர் அம்மா முதலில் மறுத்தாள். ஆம்பூர் பக்கம் வந்து பிரியாணியை மறுத்துவிட்டுப் போக முடியாதில்லையா, கத்திரிக்காயை இரண்டாம் தடவை கேட்டு வாங்கினாள்.

ரிப்போர்ட் போனது. நாற்பத்தேழு பேரையும் கம்பெனிப் புத்தகத்தில் ஏற்றி, கார்டு கொடுத்த பிறகுதான் அடுத்த ஆர்டர் என்று வெளிநாட்டில் இருந்து எழுதிவிட்டார்கள். முதலாளி இரண்டு நாள் கத்தினார், மூன்றாம் நாள் கையெழுத்துப் போட்டார். இன்சூரன்ஸ்காரர்களுக்கு ஆபரேஷன் செலவைக் கம்பெனியே திருப்பிக் கட்டியது. சோபனாவுக்கு ஒரு மெமோ கொடுத்தார்கள், கார்டை அடுத்தவருக்குக் கொடுத்தது குற்றம் என்று. அவள் வாங்கிப் படித்துக் கையெழுத்துப் போட்டாள். மே முப்பதாம் தேதி ஆலன் சார் எழுதிய லெட்டரும், இன்சூரன்ஸ்காரர்கள் திருத்திய லெட்டரும், ஸ்கேன் பேப்பரும் போர்ச்சுகலுக்குப் போயின. ஜூன் ஐந்தாம் தேதி மதியழகன் போன் செய்தான்.

"சேத்துட்டாங்க சோபி. எறங்குற நாள்லேர்ந்து உனக்கு இன்சூரன்ஸ்."

"பிரசவத்துக்கு உண்டான்னு கேளு," என்றாள் கோவிந்தம்மாள், வாசலில் இருந்து.

"உண்டும்மா. எல்லாத்துக்கும் உண்டு. நீ முதல்ல அவள அனுப்பு."

பன்னிரண்டாம் தேதி சென்னையில் கவுன்டரில் இருந்த பெண் காகிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டி வந்து, கம்பெனி லெட்டரில் நின்றாள். இரண்டு தடவை படித்தாள்.

"உங்க கார்டுல வேற ஒருத்தங்களுக்கு ஆபரேஷனா? உங்களுக்குத் தெரியாம நடந்துச்சா?"

தெரியாமல் என்று சொன்னால் அந்த இடத்தில் அதோடு முடிந்திருக்கும்.

"தெரிஞ்சேதான் குடுத்தேங்க," என்றாள் சோபனா. "எல்லாம் அதுல எழுதியிருக்குது."

அந்தப் பெண் அவளை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு லெட்டரை இன்சூரன்ஸ் காகிதத்தோடு சேர்த்து ஸ்டேப்ளர் அடித்து, சீல் குத்தி, அடுத்தவரைக் கூப்பிட்டாள்.

பாஸ்போர்ட் திரும்பி வரும்போது தன் கையிலேயே வாங்க வேண்டும் என்று சோபனா கம்பெனி முகவரியைக் கொடுத்திருந்தாள். ஜூலை முதல் வாரம் ஒரு முற்பகலில் கூரியர் கேட்டுக்கு வந்தது. ஆலன் சாரே அதை எடுத்துக்கொண்டு லைனுக்கு வந்தார். பச்சையப்பன் லைனை நிறுத்தச் சொன்னான். டார்கெட் டார்கெட் என்று உயிரை எடுக்கிற பச்சையப்பன் அப்படிச் சொன்னதை யாரும் அதற்கு முன்னால் கேட்டதில்லை. இருபத்திரண்டு மெஷினும் நின்றன. சோபனா உறையைக் கிழித்துப் பக்கங்களைப் புரட்டினாள். விசா ஒட்டியிருந்தது.

அவள் அழுதாள், சிரித்தாள், எதை முதலில் செய்வது என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்துச் செய்தாள். பெண்கள் சுற்றிக்கொண்டார்கள். பாஸ்போர்ட் கை மாறிக் கை மாறிப் போயிற்று. ஜெபகனி மட்டும் தொடவில்லை, கையெல்லாம் சொல்யூஷன். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"எப்ப கெளம்புற?"

"பதினாலாந்தேதிக்கா."

"அங்க குளிரும்ன்றாங்களே. ஜொரம் கிரம் வந்தா பல்லக் கடிச்சிக்கினு கெடக்காத. ஆஸ்பத்திரிக்குப் போ."

"போறேன்க்கா. நீயும் போ."

"போவேன்," என்றாள் ஜெபகனி. "இனிமே நானும் போவேன்."